பதினேழாம் கேள்வி

அந்தப் படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. ஆங்கிலத்திலிருந்து அவற்றைத் தமிழாக்கியவள் நான். மற்ற எல்லாவற்றையும்விடப் பதினேழாம் கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடித்தது என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. ஐந்து முறை அடித்துத் திருத்தியிருக்கிறேன். கடைசியில் நின்றது இது: 'உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதா? வந்தால் எவ்வளவு நேரம்?'

முதலில் 'வெள்ளநீர் உட்புகுதல்' என்று எழுதியிருந்தேன். தாராவியில் ஒரு வாசலில் நின்று அதைச் சத்தமாகப் படிப்பதை நினைத்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. நான் மாட்டுங்காவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தண்ணீரை ஜலம் என்போம். அந்தச் சொல்லையும் ஞாபகமாக ஒதுக்கினேன். எஞ்சியவை ஏழே சொற்கள், குழந்தைக்கும் புரியும். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் அதைப் படித்துக்கூடக் காட்டினேன். "நன்னாருக்கே, என்ன தப்பு?" என்றார்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்துவிட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். வீடு திலக் நகரில், மூன்றாவது மாடி. செம்பூரில் ஒரு தொண்டு நிறுவனம் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பெருமழையோ வெள்ளமோ வந்தால் எந்தக் குடும்பம் முதலில் நொடிந்துபோகும், யாருக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்பதை வீடு வீடாகக் கேட்டுக் கணக்கிடுவது அவர்கள் வேலை. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள். ஒன்று, வெள்ளம் அந்த வீட்டை எவ்வளவு தொடும் என்பது. இன்னொன்று, தொட்டால் அந்த வீட்டார் எவ்வளவு நொடிந்துபோவார்கள் என்பது: நடக்க முடியாதவர் உண்டா, கூரை எப்படி, சம்பாதிப்பவர் எத்தனை பேர், கையில் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கும், இப்படி. இரண்டு எண்களையும் பெருக்கி வருவதுதான் வீட்டின் மதிப்பெண். மதிப்பெண் அதிகமான வீடுகள் வரைபடத்தில் சிவப்பு. மழைக்காலத்தில் சிவப்பு வீடுகளுக்கு முதலில் எச்சரிக்கை, மாநகராட்சிப் பள்ளி மாடியில் முதலில் இடம், தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர்.

எனக்கு மழையென்றால் பயம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் கடல் பொங்கும் நாட்களின் பட்டியலைப் பத்திரிகையிலிருந்து நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்வேன். ஹைடைட் எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர் என்று. அந்த நேரத்தில் மழையும் கொட்டினால் இந்த ஊரின் நாலாக்களுக்கு, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாய்களுக்கு, கடலில் போய்ச் சேர வழியில்லை. சாக்கடை நீர் வந்த வழியே திரும்பும். மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு நான் ஏன் அதற்கு நடுங்க வேண்டும் என்று கணவர் கேட்பார். எனக்கும் தெரியாது.

மே மாத வெயிலில் தாராவியில் ஒரு சந்துக்கு அனுப்பினார்கள். முன்னால் சாலையோரமாக வீடுகளும் கடைகளும். அவற்றின் பின்னால் நாலாவை ஒட்டி இருபத்தாறு வீடுகள். எதிரே ஆள் வந்தால் தோளைச் சற்றுத் திருப்பிக்கொண்டுதான் சந்துக்குள் நடக்க முடியும். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். தமிழ்ப் படிவத்தோடு போனது நான் ஒருத்திதான். மற்றவர்கள் இந்திப் படிவத்தை எடுத்துக்கொண்டு வேறு இடங்களுக்குப் போனார்கள்.

பன்னிரண்டாவது வீட்டில் ஒரு பெண் தரையில் சட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்த நூல்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். அவளுக்குப் பின்னால் கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சும் குழறும். பெரிய உடம்பு. மேலே ஒரு மாடியறை உண்டு. அதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. மாடியறையில் பீகாரிலிருந்து வந்த நான்கு தையல்காரர்கள் வாடகைக்கு இருந்தார்கள்.

"கேளுங்கக்கா, கேளுங்க. கை பாட்டுக்கு வேல செய்யும், வாய் பதில் சொல்லும்" என்றாள்.

கேட்டேன். பதினைந்தாவது கேள்வி கழிப்பறை. பதினாறாவது மின்சார மீட்டர்.

"கக்கூஸ் வெளியதான். மீட்டரு இருக்கு, அவிய பேர்ல. அடுத்து?"

"உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருதா?"

கத்தரி நின்றது. எதிர்வீட்டு வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். "ஏ, கேட்டியாட்டி? வீட்டுக்குள்ள தண்ணி வருதான்னு கேக்காவ!"

"இந்தச் சந்துல எவ வீட்டுக்குள்ளக்கா வருது? இருவத்தாறு வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. வந்தா நாங்க ஏன் இந்தப் பாடு படுதோம்?" என்றாள் இவள்.

"ரோட்டோரத்துக்காரவுகளுக்கு வருது. அவுக குடுத்து வச்சவுக" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நான் 'இல்லை' என்று குறித்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நாலாவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டுத் தளம் உயரமாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். இருபத்தாறு வீட்டிலும் அதே பதில். சாலையோர முப்பத்தோரு வீடுகளில் கேட்டபோது 'வருது, ரெண்டு மணி நேரம்', 'வருது, செல நாளு மூணு மணி நேரம்' என்றார்கள். எல்லாவற்றையும் எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பிலும் அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதினேன். 'குடுத்து வச்சவுக' என்ற இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'கேலி' என்று சேர்த்திருக்கிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் வரைபடம் தயாரானது. சாலையோரம் முழுக்கச் சிவப்பு. சந்து முழுக்கப் பச்சை. பன்னிரண்டாவது வீட்டைத் தேடிப் பார்த்தேன். தாங்கும் சக்தி அந்த வீட்டுக்குத்தான் எல்லோரையும்விடக் குறைவு, அதனால் இரண்டாம் எண் மிகப் பெரியது. ஆனால் பதினேழாம் கேள்விக்கு 'இல்லை' என்பதால் முதல் எண் பூஜ்யம். பூஜ்யத்தால் எதைப் பெருக்கினாலும் பூஜ்யம். படுத்த படுக்கையாக ஒருவர் இருப்பது அந்தப் பெருக்கலில் காணாமல் போயிருந்தது. மூன்று முறை கூட்டிப் பெருக்கிச் சரிபார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் மனசு சமாதானமாகிவிடும். அலுவலகத்தில் அப்படித்தான் பழகியிருந்தேன். கையெழுத்துப் போட்டேன். பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. முந்தைய நாள் சாயங்காலமே கைபேசியில் ரெட் அலர்ட் வந்திருந்தது. ஹைடைட் மதியம் ஒன்று நாற்பத்தெட்டுக்கு. விடியும்போதே மழை நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகக் கீழே பார்த்தபோது ஸ்கூட்டர்களின் சக்கரம் பாதி தெரியவில்லை. ஆறு நாற்பதுக்கு அடுத்த ஃபிளாட்காரர் வாசல் மணியை அடித்தார்.

"மாமி, உங்காத்துல தண்ணி வரதா? எங்க பைப்புல சொட்டுக்கூட இல்லையே!"

"வரதே. நன்னா வரது" என்றேன்.

சொல்லி முடித்துக் கதவைச் சாத்தினேன். கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

தண்ணீர் வருகிறதா என்று இந்த ஊரில் யார் கேட்டாலும் அது குழாயைப் பற்றித்தான். நானே தினமும் அப்படித்தான் கேட்கிறேன், அப்படித்தான் பதில் சொல்கிறேன். வெளியே தெரு மூழ்கிக்கொண்டிருக்கும்போதுகூட எனக்கு அந்தக் கேள்வி குழாயாகத்தான் காதில் விழுந்தது. கழிப்பறை, மீட்டர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு 'வீட்டுக்குள்ள தண்ணி வருதா' என்று கேட்டால் அவர்களுக்கு வேறு என்னவாக விழுந்திருக்கும்?

நாட்குறிப்பை எடுத்தேன். மே மாதப் பக்கத்தைத் தேடிப் பிரித்தேன். 'வந்தா நாங்க ஏன் இந்தப் பாடு படுதோம்.' 'அவுக குடுத்து வச்சவுக.' (கேலி.) அது கேலியில்லை. வீட்டுக்குள் குழாய் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம் என்பது மாநகராட்சி தண்ணீர் விடுகிற நேரம். சந்தில் யார் வீட்டிலும் குழாய் இல்லை. குழாய் இல்லாத வீடுகளையெல்லாம் வெள்ளம் வராத வீடுகள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அதே பக்கத்தில் இன்னொரு வரி: 'ஸ்விட்ச் போர்டு தலைக்கு மேல், ஃபிரிட்ஜ் இரும்பு ஸ்டாண்டில்.' பார்த்திருக்கிறேன், எழுதியுமிருக்கிறேன். ஏன் அவ்வளவு உயரத்தில் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரைப் போனில் அழைத்தேன். என் மகள் வயதுள்ள மராத்திப் பெண். எங்களுக்குள் இந்திதான். விஷயத்தைச் சொன்னேன். இந்திப் படிவத்தில் என்ன இருந்தது என்று அவள் எடுத்துச் சொன்னாள். 'பானி குஸ்தா ஹை க்யா', அதாவது தண்ணீர் உள்ளே பாய்ந்து நுழைகிறதா என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சரியான வினைச்சொல் கிடைத்திருந்தது.

"எத்தனை வீடு ஆன்ட்டி?"

"இருபத்தாறு. அதில் ஒன்றில் எழுந்திருக்க முடியாதவர் இருக்கிறார்."

பட்டியல் அச்சாகிப் பள்ளிக்குப் போய்விட்டது, வார்டு ஆட்களை நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன், ஆனால் இன்று யார் போனை எடுப்பார்கள் என்று தெரியாது என்றாள். வைக்கும் முன் சொன்னாள்: "ஆன்ட்டி, காகஸ் லேகே மத் ஜாவ். ஆத்மி லேகே ஜாவ்." காகிதத்தோடு போகாதீர்கள், ஆட்களோடு போங்கள் என்று. ஆட்களுக்கு நான் எங்கே போவேன்? கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் என் மழைக்கோட்டை எடுத்துக் கொடுத்தார்.

சயான் வரைக்கும் ஆட்டோ கிடைத்தது. அதற்கு மேல் ஆட்டோ போகாது. இறங்கும்போது மணி ஒன்பது இருபது. அங்கிருந்து நடை. சாலையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். மூடியில்லாத ஆள்குழி எங்கே இருக்குமோ என்று ஒவ்வொரு அடியையும் குடைக்கம்பால் தட்டிப் பார்த்து வைத்தேன். எதிரே வந்தவர்கள் எல்லோரும் தாராவியிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே போனது நான் ஒருத்திதான் என்று தோன்றியது. பத்து ஐந்துக்குச் சந்து வாயில்.

நாலாவின் நீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அது ஓடவில்லை. கறுப்பாக, அசையாமல், மேலே மிதந்த பிளாஸ்டிக்கோடு நின்றது. கடல் அதன் வழியை அடைக்கத் தொடங்கிவிட்டது என்று தெரிந்து வேகமாகச் சந்துக்குள் நடந்தேன்.

பன்னிரண்டாவது வீட்டில் அவள் சட்டை மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏணி வழியே மேலே கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் மூன்று செங்கல் வைத்திருந்தாள்.

"என்னக்கா, இந்த மழையிலயுமா சர்வே?"

"அன்னிக்கு நான் கேட்டது தப்பு. மழை வெள்ளம் வீட்டுக்குள்ள வருமா?"

"ஏறுமான்னு கேளுங்க" என்றாள். "வாசல் வழியா எங்க வருது? வாசல்லதான் திண்டு கட்டியிருக்கோம்லா. மோரி வழியாத்தான் ஏறும். அந்தா பாருங்க." பாத்திரம் கழுவும் மூலையைக் காட்டினாள். சாக்கடைத் துவாரத்தில் துணியைத் திணித்து மேலே அம்மிக்கல்லை வைத்திருந்தாள். "நாலா நெறஞ்சா கீழயிருந்து தள்ளிக்கிட்டு ஏறும். போன வருசம் இடுப்பு வரைக்கும். அவியள நாலு பேரு புடிச்சு அந்த ஃபிரிட்ஜ் ஸ்டாண்டுல உக்கார வச்சோம்."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? தண்ணி வருதான்னீங்க. பைப்புத் தண்ணிக்குத்தான் எழுதுதாவன்னு நாங்க நெனச்சோம். கனெக்சன் குடுக்கப் போறாவன்னு இவ வாளிகூட வாங்கி வச்சிட்டா" என்று எதிர்வீட்டைக் காட்டினாள்.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அப்பம் பைப்பு இல்லையா? அடப் பாவமே! சர்வேம்மா, வாளிக்கு நீங்கதான் பொறுப்பு!"

என்னால் சிரிக்க முடியவில்லை. பள்ளி மாடியில் இடம் இருக்கிறது, இப்போதே போய்விட வேண்டும் என்றேன். ஸ்ட்ரெச்சர் வாங்கி வர ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவது சரியில்லை. தண்ணீரில் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தேன்.

பள்ளி மாடிக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, பிஸ்கட் பெட்டிகள் அடுக்கி, எல்லாம் தயாராக இருந்தது. முப்பத்தோரு சிவப்பு வீடுகளிலிருந்து வந்திருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் கைபேசிக்குச் சார்ஜ் போட வந்தவர்கள். சாலையோர வீடுகளில் வெள்ளம் ஏறுவதே இல்லை. கூப்பிடப் போனவர்களை அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்களாம். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் பன்னிரண்டாவது வீட்டுக்கு ஸ்ட்ரெச்சர் கேட்டேன். அவர் பட்டியலை விரலால் கீழ்வரை தடவிப் பார்த்தார்.

"லிஸ்ட் மே நஹி ஹை, மேடம்." பட்டியலில் இல்லை என்றார்.

"அந்த லிஸ்ட்டை எழுதியதே நான்தான்" என்றேன் இந்தியில்.

"ஃபிர் தோ ஆப்கோ பதா ஹோகா." அப்படியானால் பட்டியலில் இல்லையென்று உங்களுக்கே தெரிந்திருக்குமே என்றார். உட்கார்ந்திருந்த இருவரும் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் தவறில்லை. இருபத்தாறு வருடம் நானும் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அதையேதான் சொல்லியிருக்கிறேன். அச்சான தாளில் கை வைக்க யாரையும் விட்டதில்லை. ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. இன்னொரு முறை. கிடைக்கவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, பட்டியலின் ஓரத்தில் ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை வீட்டு எண்களை எழுதி, பன்னிரண்டைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே என் கையெழுத்தையும் நேரத்தையும் எழுதினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்திருந்த ஸ்ட்ரெச்சரைக் காட்டி, "லே ஜாவ்", எடுத்துப் போங்கள் என்றார்.

அந்த ஸ்ட்ரெச்சர் சந்து முனையில் திரும்பவில்லை. சாய்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன். நீளம் ஒரு முழம் அதிகம். சந்தின் அகலத்தையும் நான் படிவத்தில் எழுதியிருந்தேன். அதை யாரும் ஸ்ட்ரெச்சரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனேன்.

உள்ளே அம்மிக்கல்லைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. கல்லுக்கு அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் கறுப்பு நீர் வந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன வினைச்சொல்லை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஏறியது. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதம் நனைந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் கணுக்கால்.

தையல்காரர்கள் நால்வரும் இறங்கி வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துப் புடவையால் கட்டித் தூக்குவதென்று முடிவானது. ஆனால் அவர் வரமாட்டேன் என்றார். நன்றாக இருந்த இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "வேணா... வேணா..." என்று மட்டும் வந்தது. சந்து முழுக்கப் பார்க்க நாற்காலியில் கட்டி எடுத்துப் போவதை அவரால் பொறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"ஏங்க, கைய விடுங்க" என்றாள் மனைவி. முதலில் கெஞ்சினாள். பிறகு கோபம் வந்தது. "என்னைய இங்ஙன ஒங்ககூடச் சாவச் சொல்லுதீங்களா? சரி, நானும் போவல. இந்தா உக்காந்துட்டேன்." சொன்னபடியே தண்ணீரில் கட்டிலோரமாக உட்கார்ந்துவிட்டாள். இடுப்பு வரை நனைந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலிலிருந்து, "அண்ணாச்சி, கல்யாணத்தன்னிக்குக் குதுரையில வரலேல்லா, இன்னிக்கு நாக்காலில போங்க! நாலு பேரு தூக்குதாவ, ராசா மாதிரி!" என்று கத்தினாள்.

அவர் கை தளர்ந்தது. சட்டத்தை விட்ட கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிறகு பள்ளி மாடி போய்ச் சேரும்வரை விடவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வாசலைத் தாண்டினோம். சந்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், பக்கவாட்டில் ஒருக்களித்தபடி நான். கீழே பதித்த கற்களில் எது இருக்கிறது, எது பெயர்ந்துவிட்டது என்று தெரியவில்லை. முனையில் திரும்பும்போது முன்னால் போனவனின் கால் ஏதோ பள்ளத்தில் இறங்கியது. நாற்காலி முன்பக்கமாகச் சரிந்தது. அவர் முகம் தண்ணீருக்கு ஒரு முழத்துக்குள் வந்து நின்றது. கட்டியிருந்த புடவை தாங்கியது. அவர் கத்தவில்லை. என் மணிக்கட்டில் அவருடைய நகம் இறங்கியது. அந்தக் கணத்தில் என் தலைக்குள் ஓடியது ஒரே ஒரு சொல்: பூஜ்யம்.

பின்னால் இருந்தவர்கள் இழுத்து நிமிர்த்தினார்கள். பள்ளி மாடிக்கு அவரைக் கொண்டு சேர்த்தபோது மணி ஒன்று இருபது. மேஜைக்காரர் தானாகவே எழுந்து வந்து காலைப் பிடித்து உதவினார். சந்திலிருந்து மற்றவர்களும் குழந்தைகளோடும் அடுப்போடும் ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டு எண் சொல்லச் சொல்லி நான் டிக் அடித்தேன். இருபத்து மூன்று வந்தது. மற்ற மூன்று வீட்டார் தங்கள் மாடியறைகளில் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். சொன்னதை எழுதினேன், ஆனால் நம்ப முடியவில்லை. மூன்று வீட்டுக்கும் போன் போட்டுக் குரலைக் கேட்ட பிறகுதான் டிக் அடித்தேன். ஒன்று நாற்பத்தெட்டு வந்தது, போனது. மழை சாயங்காலம் வரை விடவில்லை. அதற்குள் கரண்ட் போய்விட்டது. இருட்டான கூடத்தில் எல்லோரும் கீழே என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் நானும் பன்னிரண்டாவது வீட்டுக்காரியோடு அவள் வீட்டுக்குப் போனேன். திருத்திய படிவத்தில் இப்போது உயரத்தையும் எழுத வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருந்தாள். பையில் அளவு டேப் இருந்தது. சுவரில் சேற்றின் கோடு நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஓடியது. தரையிலிருந்து கோடு வரை அளந்தேன். தரையிலிருந்து கட்டில் பலகை வரை அளந்தேன். அடியில் வைத்த செங்கற்கள் அப்படியே இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். படுக்கைக்கு மேலே ஒரு சாணும் இரண்டு விரலும் ஏறியிருக்கிறது. மல்லாந்து படுத்திருக்கிற ஒருவரின் காது எந்த உயரத்தில் இருக்கும், மூக்கு எந்த உயரத்தில் இருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. நிறுத்த முடியவில்லை. மறுபடியும் அளந்தேன். அதே எண்தான் வந்தது. அந்த மாதத்தில் கடல் பொங்கும் நாட்கள் இன்னும் நான்கு பாக்கி இருந்தன.

"அளந்தது போதும்க்கா" என்றாள் அவள், கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. "அந்தப் பக்கம் ஒரு கை குடுங்க. வெயில் இருக்கும்போதே இத வெளிய போட்டுருவோம்."

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டுக் கால்பக்கம் போனேன். நனைந்த மரம் கல்லாகக் கனத்தது. மூன்றாவது முயற்சியில்தான் தூக்க முடிந்தது.